தட்டு சுற்றி வரும் வரை

சீப்புக்காரி என்றால் அந்தச் சந்தைத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. தோளில் ஒரு துணி மூட்டை. அதற்குள் சீப்பு, ஊசி, நூல்கண்டு, சட்டைப் பித்தான். வலது காலைக் கொஞ்சம் வெளிப்பக்கமாக வீசி வீசித்தான் நடப்பாள். ஆனால் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு நொண்டலும் கிடையாது. "தலையில நாலு முடி இருக்கறப்பவே வாங்கிக்கோங்க அண்ணே, அப்புறம் சீப்பைத் தொட்டுப் பார்த்து அழ வேண்டியதுதான்!" என்று வழுக்கை விழத் தொடங்கிய மளிகைக் கடைக்காரரையே மடக்குவாள். அவரும் திட்டிக்கொண்டே ஒன்று வாங்கிக்கொள்வார். அந்தக் கால் ஏன் அப்படி ஆயிற்று என்று அவரோ மற்றவர்களோ ஒருநாளும் கேட்டதில்லை. ஊசி விற்கிறவள் காலைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

அவள் எந்த ஊரில் பிறந்தாள் என்பது பெற்ற தாய்க்கே தெரியாது. இரண்டு ஊருக்கு நடுவில், ஒரு பாலத்துப் பக்கத்தில், மழை பெய்துகொண்டிருந்தது என்பார்களாம், அவ்வளவுதான். அவர்கள் கூட்டம் கயிற்றில் நடந்து பிழைக்கிற கூட்டம். ஓர் ஊரில் கழியை நட்டுக் கயிறு கட்டினால், அந்த ஊர்க்காரர்களுக்கு அலுப்புத் தட்டும்வரை இருப்பார்கள். பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். கயிறு, மூங்கில், மேளம், காசு வாங்கும் தட்டு நான்கும் ஒரே மூட்டை. ஒன்றை எடுத்தால் நான்கையும் எடுக்க வேண்டும். தட்டை மறந்துவிட்டுப் போனவனை அவர்கள் கூட்டத்தில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தத் தொழிலில் ஒரு கட்டு உண்டு. கயிற்றில் நடக்கிறவர் மறுகோடியைத் தொட்டதும் இறங்கிவிடக் கூடாது. மேலேயே நிற்க வேண்டும். கீழே தட்டு பார்க்க வந்த கூட்டத்தைச் சுற்றி வந்த பிறகுதான் இறங்கலாம். கால் தரையில் பட்டதோ இல்லையோ, அதுவரை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த ஜனம் திடீரென்று அவரவர் வேலையை நினைத்துக்கொள்ளும். அப்புறம் அன்றைக்கு எல்லோர் வயிற்றிலும் ஈரத்துணிதான். பேச்சு திருந்தும் முன்பே சீப்புக்காரிக்குக் கிடைத்த பாடம் இது. நாலு வயதில் கயிற்றின் கோடியில் நின்றபடி, அப்பா தட்டோடு சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். மூத்திரம் முட்டினாலும் நின்றாள்.

கல்யாணமான பிறகும் நடந்தாள். வயிற்றில் பிள்ளை வந்த பிறகும் நடந்தாள். வயிறு தெரிந்தால் தட்டில் கூடுதலாக விழும் என்று புருஷன் சொன்னான், புண்ணியவான். விழுந்தது காசு அல்ல, இவள்தான். பிள்ளை எப்படியோ பிழைத்துக்கொண்டது, கால் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் எலும்பைக் கோணலாகச் சேர்த்து வைத்தார்கள். வாசலில் இறக்கிவிட்டு வண்டிக்காரனுக்குச் சில்லறை மாற்றி வருகிறேன் என்று போன புருஷன் இன்றுவரைக்கும் சில்லறை தேடிக்கொண்டிருக்கிறான்.

பிள்ளை பிறந்தபோது தம்பிதான் பக்கத்தில் இருந்தான். கூட்டத்துக்கு மேளம் அடித்தவன். இப்போது கடை திறப்பு, தள்ளுபடி விற்பனை என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் அடிக்கிறான். உள்ளங்கை அளவு இருந்த அந்தக் குழந்தையைப் பார்த்து, "என்னக்கா, சுண்டெலி மாதிரி இருக்கு" என்றான். அன்றிலிருந்து அதற்கு எலி என்றே பெயர் ஒட்டிக்கொண்டது.

"எலியோ புலியோ, இவ கால் கயித்துல படாதுடா. பட்டுச்சுன்னா நான் மனுஷியே இல்ல" என்றாள் அக்கா. வலியில் சொன்ன பேச்சு என்று அவன் நினைத்தான். அவள் நிஜமாகவே சொன்னாள்.

பழைய இரும்புக் கடைக்குப் பின்னால், தகரமும் துருப்பிடித்த கட்டில்களும் குவிந்து கிடந்த காலி மனையில் மூன்று பேரும் ஒதுங்கினார்கள். கடைக்காரருக்குக் காவலுக்கு ஓர் ஆள் மாதிரி ஆயிற்று, இவர்களுக்கு ஒரு சுவர் சாய்ந்துகொள்ளக் கிடைத்தது. கயிற்று மூட்டையைத் தகரக் குவியலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். விற்கவும் மனசு வரவில்லை, கண்ணில் படவும் பிடிக்கவில்லை. எலி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதுவரை படித்தாள். பெண் நல்ல சூட்டிகை. தெருவில் போகும்போது கடைப் பலகைகளைச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டே வருவாள். ஆனால் பயந்தாங்கொள்ளி என்றால் அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி. பள்ளி மாடிப்படியில்கூடச் சுவரைத் தடவிக்கொண்டுதான் ஏறுவாள். கயிற்றுக்காரி வயிற்றில் பிறந்தது நாற்காலிமேல் ஏறி நிற்கப் பயப்படுகிறதே என்று மாமன்காரன் கேலி செய்வான். சீப்புக்காரிக்கு அதில் உள்ளூர ஒரு சந்தோஷம். மகள் பயப்படப் பயப்பட அவளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

ஐந்தாவது முடிந்ததும் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "நாடோடிக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் விடுதிப் பள்ளி வச்சிருக்கு. சாப்பாடு, துணி, புத்தகம் எல்லாம் அவங்களே. கட்டில்கூட உண்டு. பன்னிரண்டாவதுவரைக்கும் கவலையில்ல. நாடோடிச் சான்று ஒண்ணு மட்டும் வாங்கிட்டு வாங்க, பள்ளி திறக்கிறதுக்குள்ள வேணும்" என்றார்.

கட்டில்கூட உண்டு என்ற வார்த்தையை சீப்புக்காரி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் பரம்பரையில் கட்டிலில் படுத்தவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள்தான்.

நலத்துறை அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "முகவரி?"

"நாடோடிங்கய்யா. முகவரி ஏது?"

"முகவரி இல்லாம மனு வாங்க முடியாதும்மா. யாருன்னே தெரியாதவங்களுக்கு எப்படிக் குடுக்கிறது?"

இரும்புக் கடைக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அவர் கடை முகவரியில் குடியிருப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு போனாள். எழுத்தர் அதை இரண்டு தடவை படித்தார். "இங்க பாரும்மா, முகவரி இருக்கு. வருஷக்கணக்கா ஒரே இடத்துல இருக்கேன்னு வேற எழுதியிருக்கு. அப்புறம் நீ எப்படி நாடோடி?"

கேட்டுக்கொள்ளுங்கள் இந்த நியாயத்தை! முகவரி இல்லையென்றால் மனு கிடையாது, முகவரி இருந்தால் சான்று கிடையாது. அவள் அந்தப் படியை விட்டு அகலவில்லை. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு தினமும் வந்து உட்கார்ந்தாள். அலுவலகத்துப் பெண்கள் ஆளுக்கொரு சீப்பு வாங்கியும் முடித்துவிட்டார்கள். கடைசியில் விசாரணை அதிகாரியே உள்ளே கூப்பிட்டார். அவர் ஒன்றும் கடுகடுப்பானவர் இல்லை. சிரித்த முகம். நாற்காலியில் உட்காரச்சொன்னார், தண்ணீர் கொடுக்கச்சொன்னார். அதனால்தான் அவள் அவரை நம்பினாள்.

"இப்பல்லாம் ஆளாளுக்கு நாங்களும் நாடோடின்னு வந்து நிக்கிறாங்கம்மா. நான் எதை வச்சு நம்புறது? உங்க கூட்டத்துக்குன்னு ஒரு தொழில் இருக்குமே, என்ன தொழில்?"

"கயித்துல நடக்கிறதுங்க."

"அப்படிச் சொல்லு! நடந்து காட்டு, நேர்ல பார்த்தேன்னு எழுதிடறேன். காகிதமே வேண்டாம்."

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இப்பவே நடக்கிறேங்கய்யா. கால் கோணல்தான், ஆனா கயித்துல ஏறினா நேராயிடும்."

அதிகாரி சிரித்தார். பிறகு மனுவைப் புரட்டிப் பார்த்து, "இது உன் பேர்ல இல்லையே, பொண்ணு பேர்ல இருக்கே. அப்ப பொண்ணுதான் நடக்கணும்" என்றார்.

"ஐயா, அவளுக்குத் தெரியாதுங்க. நான் பழக்கவே இல்ல."

"பரம்பரைத் தொழில்னா பிள்ளைக்கு வரணுமே. நீ நடந்தா நீ நாடோடின்னுதான் ஆகும். சர்க்கஸ்லகூடத்தான் யார் யாரோ நடக்கிறாங்க. அவளுக்குத் தெரியலைன்னா அவ சாதாரணப் பொண்ணு, சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். பள்ளி திறக்கிறதுக்குள்ள கூட்டிட்டு வா. இல்லேன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அடுத்த வருஷம் எலிக்கு வயது தாண்டிவிடும். தலைமை ஆசிரியை அதையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

வீட்டுக்கு வந்தாள். தகரக் குவியலை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுவிட்டு அடியிலிருந்த மூட்டையை எடுத்தாள். தம்பி பார்த்துக்கொண்டே நின்றான்.

"அக்கா, வேண்டாம்க்கா. நீதானே சொன்ன?"

"சொன்னேன். நான் மனுஷி இல்லேன்னு வச்சுக்கோ. கழியை நடு."

முதலில் கணுக்கால் உயரத்தில் கட்டினார்கள். எலி அதற்கே நடுங்கினாள். உள்ளங்கால் வேர்த்து வழுக்கியது, அம்மா சாம்பலைத் தேய்த்துவிட்டாள். கையில் நீள மூங்கிலைக் கொடுத்து, "கீழ பார்க்காத, எதிர்க் கழியைப் பாரு" என்றாள். பிள்ளை கீழேதான் பார்த்தாள். கால் விரல்களைக் குறுக்கிக் குறுக்கிக் கயிற்றைக் கவ்விப்பிடித்தாள். கயிற்றில் விரலைக் குறுக்கினால் விழுவது நிச்சயம். அதற்கு அவர்கள் கூட்டத்தில் காலங்காலமாக ஒரே மருந்து: ஒரு குச்சியை வைத்துக்கொண்டு கெண்டைக்காலில் தட்டுவது. சீப்புக்காரி தட்டினாள். முழங்கால் உயரத்துக்குக் கயிறு ஏறியபோது தட்டல் அடியாயிற்று.

"அம்மா, நான் சாதாரணப் பள்ளிக்கூடத்துக்கே போறேம்மா."

"வாயை மூடிட்டு நட."

"சீப்பு விக்கிறேம்மா. உன்கூடவே வர்றேம்மா."

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சீப்பு விற்கிறாளாமே! அந்த வார்த்தைக்குத்தான் அன்றைக்குக் குச்சி ஒடிந்தது. அடித்துவிட்டுத் தகரத்துக்குப் பின்னால் போய்த் தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு குச்சி எடுத்து வந்தாள். தம்பி மேளத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே எழுந்து போனான். அவனையும் திட்டித்தான் திரும்பக் கூட்டி வந்தாள். மேளம் இல்லாமல் கால் நகராது என்பது அவள் எண்ணம்.

எலி கயிற்றிலேயே பாவாடையை நனைத்துக்கொண்டாள். தூக்கத்தில் உதறி உதறி எழுந்தாள். சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். இருந்தும் பள்ளி திறப்பதற்குள் ஆள் உயரத்துக்கு மேலே கட்டிய கயிற்றில் அந்தப் பிள்ளை நடந்தாள். ரத்தத்தில் இருந்தது என்று மாமன் சொன்னான். அது ரத்தம் இல்லை, பயம். கயிற்றைவிட அம்மாவுக்கு அதிகமாகப் பயந்தாள், அதனால் நடந்தாள். சீப்புக்காரிக்கு அது தெரியாதா என்ன, நன்றாகவே தெரிந்தது. கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டால் எல்லாம் மறந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அலுவலக முற்றத்தில் கழி நட்டார்கள். அதிகாரிக்கு நாற்காலி போட்டார்கள். எழுத்தர், சீப்பு வாங்கிய பெண்கள், வேறு வேலையாக வந்திருந்த ஜனங்கள், வாசலில் தேநீர் விற்கிறவர் என்று நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எலியின் முகம் சாம்பல் பூத்திருந்தது. அம்மா காதில் சொன்னாள்: "இது ஒரே ஒரு தடவைதான். இதோட சரி. இனிமே உன் ஆயுசுக்கும் கயிறு கிடையாது."

மேளம் தொடங்கியது. பிள்ளை ஏறினாள். கீழே சீப்புக்காரி கோணல் காலை இழுத்துக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தியபடி, கயிற்றின் நிழலிலேயே கூடவே நடந்தாள். நடுவில் ஒரு முறை கயிறு இடப்பக்கம் ஆடியது. கூட்டம் "ஐயோ" என்றது. எலி நின்றாள், மூங்கிலைத் தாழ்த்தினாள், விரலைக் குறுக்காமல் வைத்தாள், நடந்தாள். மறுகோடியைத் தொட்டுவிட்டாள்.

அடேயப்பா, என்ன கைதட்டல்! அதிகாரியே எழுந்து நின்று தட்டினார். யாரோ ஒரு நாணயத்தை வீசினார்கள். அது தரையில் உருண்டு வந்து சீப்புக்காரியின் காலடியில் விழுந்தது.

அவள் யோசிக்கவில்லை. அதுதான் உண்மை, பிற்பாடு எத்தனையோ பேர் எப்படியெப்படியோ கேட்டார்கள், அவள் யோசிக்கவே இல்லை. மேளம் அடிக்கிறது, மேலே பிள்ளை நிற்கிறது, கீழே காசு விழுகிறது. மூட்டையில் தட்டு இருந்தது, நான்கும் ஒன்றாகத்தானே வரும். கை அதுவாகப் போய் எடுத்தது. வாய் அதுவாகத் திறந்தது. அவளுடைய அப்பா கூவிய அதே கூவல், அதே ராகம்:

"ஐயாமாரே, அம்மாமாரே! பச்சைப் பிள்ளை உயிரைக் கையில புடிச்சிட்டு நிக்குது பாருங்க! வயித்துக் கொடுமைக்கு அந்தரத்துல நிக்குது பாருங்க! உங்க பிள்ளையா நினைச்சுப் போடுங்க!"

கூட்டம் போட்டது. எலி இறங்கப் பார்த்தாள். "தட்டு சுத்தி வர்றவரைக்கும் இறங்காத!" என்று அம்மா கீழேயிருந்து அதட்டினாள். பிள்ளை அப்படியே நின்றாள், கால் இரண்டும் வெடவெடவென்று ஆட. தட்டு சுற்றி வந்து அதிகாரி முன்னால் நின்றது. அவரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஒரு தாளைப் போட்டார். "இதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்? அசல் நாடோடிதான்!" என்று எழுத்தரைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கே கையெழுத்தும் முத்திரையும் போட்டுச் சான்று கையில் கிடைத்தது. குறைசொல்லக் கூடாது, அதற்கு அவர் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

அந்தச் சில நாள் சீப்புக்காரி மிதந்தாள். சான்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தெருவெல்லாம் காட்டினாள். விடுதிக்கு என்று ஒரு வாளி வாங்கினாள், சோப்புப் பெட்டி வாங்கினாள், மூட்டையிலிருந்து இருப்பதிலேயே நல்ல சீப்பாகப் பார்த்து எடுத்து வைத்தாள். குச்சியை ஒடித்து அடுப்பில் போட்டாள். எலியின் கெண்டைக்காலில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். பிள்ளை காலை இழுத்துக்கொண்டாள். "இனி அடிக்க மாட்டேன்டி கண்ணு, வேலை முடிஞ்சுது" என்றாள் அம்மா. எலி தலையை மட்டும் ஆட்டினாள்.

வேலை முடியவில்லை. முற்றத்தில் எடுத்த படம் போன் போனாக ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளையை அந்தரத்தில் நிற்கவைத்துப் பிச்சை எடுக்கிற தாய், அதுவும் அரசாங்க அலுவலகத்திலேயே! பார்த்தவர்கள் எல்லோரும் பதறினார்கள். மேலிடத்திலிருந்து அதிகாரிக்குக் கேள்வி வந்தது. அவர், சிரித்த முகம்தான், உட்கார்ந்து பதில் எழுதினார்: அனுமதி பெறாமல் அவர்களாகவே முற்றத்தில் கயிறு கட்டினார்கள், தடுத்தும் கேட்கவில்லை.

குழந்தைகள் காப்பகத்திலிருந்து ஒரு வேன் இரும்புக் கடைக்கு வந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இறங்கினாள். நல்ல பெண்மணி, அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. எலியைத் தனியாகக் கூப்பிட்டு, குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"கயித்துல நடக்க உனக்குப் பிடிக்குமாம்மா?"

எலி இல்லையென்று தலையசைத்தாள்.

"யாரு நடக்கச் சொன்னது?"

"அம்மா."

"நடக்கலேன்னா?"

எலி பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். பிள்ளை ஒரு பொய்யும் சொல்லவில்லை.

"அம்மா, அந்த ஐயாதாம்மா நடக்கச் சொன்னாரு! பள்ளிக்கூடத்துக்குத்தாம்மா! சான்று பாருங்க, முத்திரை பாருங்க!" சீப்புக்காரி உறையை நீட்டிக்கொண்டு கத்தினாள்.

"அவர் சொன்னதுக்கு எழுத்து இருக்கா?"

எழுத்து எங்கே இருக்கிறது? காகிதமே வேண்டாம் என்றுதானே அந்த மனிதர் சொன்னார்.

சீப்புக்காரி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். தம்பி அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டான். எலி அழவில்லை. வேன் படியில் ஒரு காலை வைத்தபடி அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அங்க கயிறு இருக்குமா?"

"இல்லடா கண்ணு. இல்லவே இல்ல."

எலி ஏறி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

விசாரணைக்கு சீப்புக்காரி போனாள். இனிமேல் பிள்ளையைத் தொடமாட்டேன், கயிற்றைக் கொளுத்திவிடுகிறேன் என்றாள். எல்லாம் சரி, நிரந்தர முகவரி காட்டினால் பிள்ளையை அனுப்புவது பற்றி யோசிக்கலாம் என்றார்கள். இரும்புக் கடைக்காரர் விசாரிக்கப் போலீஸ் வந்த பயத்தில், இவர்களை எனக்குத் தெரியவே தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டிருந்தார். மனையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். விசாரணை மேஜையில் அவள் உறையில் போட்டுப் பொத்திப் பொத்தி வைத்திருந்த சான்று கிடந்தது. அதில் முத்திரையோடு தெளிவாக எழுதியிருந்தது: நிலையான இருப்பிடம் இல்லாதவர், உயிருக்கு ஆபத்தான கயிற்றுத் தொழிலைப் பரம்பரையாகச் செய்பவர். நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்டது. வேறு சாட்சியே தேவைப்படவில்லை.

"பிள்ளை நல்லாத்தான் இருக்கா. பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சு. நல்லா வாசிக்கிறா" என்றாள் மூக்குக் கண்ணாடி அம்மாள், ஆறுதலாக.

"கட்டில் உண்டாங்கம்மா?"

"உண்டு."

"நான் பார்க்கலாமாங்க?"

"அவ இன்னும் பயந்துக்கிட்டிருக்கா. அவளே பார்க்கணும்னு சொல்லட்டும், அப்புறம் பார்க்கலாம்."

எலி சொல்லவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று. எலி சொல்லவில்லை. சீப்புக்காரி வாளியையும் சோப்புப் பெட்டியையும் காப்பகத்து வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தாள். காவலாளி வாங்கி வைத்துக்கொண்டான். உள்ளே போயிற்றோ, அவன் வீட்டுக்குப் போயிற்றோ, யார் கண்டது? மதில் நல்ல உயரம். உச்சியில் கண்ணாடிச் சில்லு. உள்ளே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்கும். அதில் எது எலியின் குரல் என்று காதைச் சுவரில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு சாயங்காலம் தம்பியிடம், "மூட்டையை எடு" என்றாள்.

"எதுக்குக்கா?"

"மதிலைவிட உசரமா கயித்தைக் கட்டு. தெருப்பக்கம்தான் கட்டுறோம், எவன் கேக்கிறது?"

"உன் காலுக்கா?"

"கட்டுடா."

மதிலுக்கு வெளியே, தெரு ஓரத்தில் கழி நட்டுக் கயிறு கட்டினான். அவள் ஏறினாள். பிள்ளை பிறந்த பிறகு ஏறியதே இல்லை. தரையில் வீசி வீசி நடந்த கால் கயிற்றில் நேராகத்தான் பதிந்தது. அவள் அதிகாரியிடம் சொன்னது பொய்யில்லை. தம்பிக்கு வேறு வழி தெரியவில்லை, மேளத்தை அடித்தான். தெருவில் போனவர்கள் நின்றார்கள்.

மேலே போனதும் உள்முற்றம் முழுக்கத் தெரிந்தது. கொடியில் ஒரே மாதிரி சட்டைகள் காய்ந்தன. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எலி. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தது. மேளச் சத்தம் கேட்டு எல்லாப் பிள்ளைகளும் நிமிர்ந்தன, குதித்தன, கையைக் காட்டின. எலியும் நிமிர்ந்தாள்.

சீப்புக்காரி சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்துப் பார்த்த சிரிப்பு, முகமெல்லாம் சிரிப்பு. மூங்கிலைப் பிடித்திருந்த கையில் ஒன்றை எடுத்து, வா என்று ஆட்டினாள்.

எலி அம்மாவைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். வா என்று ஆடிய கையைப் பார்த்தாள். புத்தகம் கீழே விழுந்தது. "வேண்டாம்! வேண்டாம்!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஓடும்போதே அவள் பாவாடை நனைந்திருந்தது. கதவு சாத்தும் சத்தம் மதிலைத் தாண்டிக் கேட்டது.

"அக்கா, எலி இருக்காளா? தெரியுதா?" கீழேயிருந்து தம்பி கத்தினான்.

"இருக்கா. நல்லாத்தான் இருக்கா."

"உன்னைப் பார்த்தாளா?"

"பார்த்துட்டா."

யாரோ ஒரு நாணயத்தை வீசினார்கள். பிறகு இன்னொன்று. அக்காவும் தம்பியும் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. தம்பி மேளத்தை இடுப்பில் நகர்த்திவிட்டு, அவளைக் கேட்காமலே மூட்டையிலிருந்து தட்டை எடுத்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாத்திய கதவைப் பார்த்தபடி, தட்டு சுற்றி வரும்வரை கயிற்றின் கோடியிலேயே நின்றாள்.